கயாக்கின் தடுப்புச் சுவரும் அதைத் திறந்து பார்க்கும் வழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கயாக் என்னும், மேல்தளம் மூடிய, துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகை ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் முறையை விளக்கித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையை வரி விடாமல் படித்தேன். பலகைகளை அளந்து வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, எபாக்சி என்னும் இருகூறுப் பசையால் ஒட்டும் வேலையைப் புதியவர்களும் பின்பற்றும்படி எளிய தமிழில் எழுதிய கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆனால் படகின் உட்புறத்தை மூன்று அறைகளாகப் பிரிக்கும் தடுப்புச் சுவர்களுக்கு அந்தக் கட்டுரையில் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. காலுக்கு முன்னால் ஒரு பலகை, முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை என்று வைத்து, ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டால் போதும் என்றும், மேல்தளத்தில் திறப்பு எதையும் வெட்டாமல் விட்டால் தண்ணீர் புகுவதற்கு வழியே இராது என்றும் அந்தப் பத்தி கூறுகிறது. இதுவரை மூன்று கயாக்குகளைக் கட்டியவன் என்ற முறையிலும், முதல் படகில் ஏறக்குறைய இதையேதான் செய்து அதற்கான பலனையும் அனுபவித்தவன் என்ற முறையிலும், இவ்விரண்டு கருத்துகளையும் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

கயாக் கவிழாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கவிழ்ந்த பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டுமே கட்டுபவரின் கையில் இருக்கிறது. 5 மீட்டர் நீளமும் 55 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கடல் கயாக்கின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 300 லிட்டர். தடுப்பே இல்லாத நிலையில் அது கவிழ்ந்து நிமிர்ந்தால் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏறிவிடக்கூடும். அதாவது 20 கிலோவோ 25 கிலோவோ எடையுள்ள படகு, நீருக்குள்ளேயே மேலும் 200 கிலோவைச் சுமந்துகொண்டு நிற்கும். அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் அடங்கியும் இராது. ஒரு முனை சற்றே தாழ்ந்தால் மொத்தமும் அங்கே ஓடும், பக்கவாட்டில் சாய்ந்தால் சாய்ந்த பக்கத்துக்கே பாய்ந்து படகை மீண்டும் கவிழ்க்கும். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர்கள் இருந்தால், நாம் அமரும் நடு அறையில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதைக் கைப்பம்பால் சில நிமிடங்களில் இறைத்துவிடலாம். ஒரே ஒரு முனையில் மட்டும் தடுப்பு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையை மிச்சப்படுத்த அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஒரு முனையில் காற்றும் மறுமுனை முழுக்கத் தண்ணீருமாக ஆகிவிட்ட கயாக், நட்டுவைத்த கம்பம் போல் செங்குத்தாக நிமிர்ந்துவிடும். நுனியைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாமே ஒழிய, நீரின் நடுவே அதைக் கிடத்தித் தண்ணீரைக் கொட்டுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

தடுப்பை எங்கே வைப்பது என்பதில் கட்டுரை "முதுகுக்குப் பின்னால்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிட்டது. இதில் ஒரு சாண் தூரம் கூடுவதும் குறைவதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். கவிழ்ந்த கயாக்கைக் காலி செய்யும் வழக்கமான முறை, அதைத் தலைகீழாகவே வைத்து முன்முனையைத் தூக்குவதாகும். அப்போது உள்ளிருக்கும் தண்ணீர் பின்னோக்கி ஓடிப் பின்தடுப்பில் மோதி, அமரும் குழியின் வழியாக வெளியே கொட்டுகிறது. குழியின் விளிம்பு வளையத்துக்குப் பின்னால் இரண்டு, மூன்று சென்டிமீட்டரிலேயே தடுப்பு இருந்தால் ஏறக்குறைய எல்லாத் தண்ணீரும் போய்விடும். அதையே 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், வளையத்துக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு பை போன்ற இடம் உண்டாகி, எவ்வளவு தூக்கினாலும் பல லிட்டர் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். தடுப்பின் மேல் விளிம்பு வளையத்தை ஒட்டியும் கீழ் விளிம்பு சற்றுப் பின்னுக்கும் போகும்படி சாய்த்து வைத்தால், முதுகுக்கு இடமும் கிடைக்கும், தண்ணீரும் தடையின்றி வழியும். முன்தடுப்புக்கு இத்தனை நுட்பம் தேவையில்லை. காலணி அணிந்த பாதத்துடன் அமர்ந்து அளந்து, கால்மிதியின் கடைசி நிலைக்கு அப்பால் சில சென்டிமீட்டர் விட்டு வைத்தால் சரியாக இருக்கும்.

இனி ஓரங்களுக்கு வருகிறேன். தடுப்புச் சுவரின் பலகையைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வந்ததை நான் கண்டதே இல்லை. எப்போதும் ஓரத்தில்தான் வரும், அதிலும் பெரும்பாலும் மேல் ஓரத்தில். 1912ஆம் ஆண்டு மூழ்கிய டைட்டானிக் கப்பலில் 15 குறுக்குத் தடுப்புகள் இருந்தன, 16 அறைகள் இருந்தன; ஆனால் அந்தத் தடுப்புகள் போதிய உயரத்துக்கு எழுப்பப்படாததால், முன்பக்கம் தாழத் தாழ ஓர் அறையின் தண்ணீர் தடுப்பின் தலைக்கு மேல் வழிந்து அடுத்த அறைக்குச் சென்றது. சிறு கயாக்குக்கும் அதற்கும் என்ன ஒப்பீடு என்று தோன்றலாம். அடிப்பகுதியில் அழகாக ஒட்டப்பட்டு, மேல்தளத்தைத் தொடும் இடத்தில் நூலளவு இடைவெளி விடப்பட்ட தடுப்பும் அதே வகையைச் சேர்ந்ததுதான். படகு நிமிர்ந்து ஓடும் வரை அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. தலைகீழாகக் கவிழ்ந்த கணத்தில் மேல்தளமே தரையாகிவிடுவதால், தண்ணீர் முதலில் தேடி வருவது அந்த இடைவெளியைத்தான்.

எனவே வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தடுப்பின் வடிவத்தை எடுப்பதற்கு, படகின் குறுக்குவெட்டைவிடச் சிறியதாக ஓர் அட்டையை வெட்டி அந்த இடத்தில் நிறுத்தி, ஐஸ் குச்சி போன்ற மெல்லிய குச்சிகளின் நுனி படகின் சுவரைத் தொடும்படி சுற்றிலும் வைத்துச் சூட்டுப்பசையால் அட்டையில் ஒட்டிவிட வேண்டும். பிறகு அட்டையை வெளியே எடுத்துக் குச்சி நுனிகளை இணைத்துக் கோடு போட்டால் வடிவம் வந்துவிடும். அந்த வடிவத்தை 4 மில்லிமீட்டர் அல்லது 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் வெட்டும்போது, சுற்றிலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் குறைத்தே வெட்ட வேண்டும். தச்சுவேலை தெரிந்தவர்களுக்கு இது மனத்துக்கு ஒவ்வாது. கச்சிதமாகப் பொருந்தும்படி இழைப்பதுதான் அவர்கள் கைக்குப் பழக்கம். ஆனால் கயாக்கின் உடல் மெல்லியது, அலையிலும் கரையில் இழுக்கும்போதும் அது வளைந்து கொடுக்கும். கத்தி போன்ற கடினமான பலகை விளிம்பு உட்புறத்தை நேரடியாக அழுத்தினால், வளைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் குவிந்து, சில பயணங்களுக்குப் பின் வெளிப்புற வார்னிஷில் மயிரிழை போன்ற விரிசல் தெரியத் தொடங்கும். இடைவெளி விட்டு, மரத்தூளும் எபாக்சியும் குழைத்த சாந்தை அதில் நிரப்பி, இருபுறமும் ஒரு கரண்டியின் முதுகால் குழிவாக இழுத்து, அது முற்றிலும் இறுகுவதற்குள் 50 முதல் 75 மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணாடியிழை நாடாவைப் பதித்து எபாக்சியால் நனைத்துவிட்டால், சுமை ஒரு கோட்டில் குவியாமல் பரவிப்போகும். நாடா இருபுறமும் வேண்டும். ஒருபுறம் மட்டும் ஒட்டினால், தடுப்பு எதிர்ப்புறமிருந்து தள்ளப்படும்போது உரிந்து வரும்.

அதிகம் ஒழுகும் இடம் எது என்று என்னைக் கேட்டால், மேல்தளம் வந்து அமர்வதற்காகப் படகின் இரு ஓரங்களிலும் நெடுக ஓடும் சட்டத்தைக் காட்டுவேன். தடுப்புப் பலகையின் மேல் மூலைகளில் இந்தச் சட்டத்துக்காக ஒரு பள்ளம் வெட்டுவோம். சட்டத்தின் அடிப்புறமும் பலகையும் படகின் சுவரும் கூடுகிற அந்த மூலைக்குள் விரல்கூடச் சரியாக நுழையாது. பார்வைக்கு அடைபட்டது போல் இருக்கும், ஊதிப் பார்த்தால் காற்று போகும். என் இரண்டாவது படகில் அந்த மூலைகளை முன்கூட்டியே அடைக்காமல் மேல்தளத்தை ஒட்டிவிட்டேன். பிறகு அமரும் குழிக்குள் தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, பல்லில் ஒரு சிறு டார்ச்சைக் கடித்துக்கொண்டு, குச்சியில் கட்டிய தூரிகையால் முன்தடுப்பின் மேல் விளிம்பில் எபாக்சி பூச வேண்டியதாயிற்று. பூசியதில் பாதி என் நெற்றியிலும் தலைமுடியிலும் சொட்டியது. மீதி பாதி மேல்தளத்தின் அடிப்புறத்தில் ஒட்டாமல் மெதுவாகக் கீழே சரிந்து வந்தது. அந்தக் குறுகிய இடத்தில் மூச்சு முட்டியதையும் சொல்ல வேண்டும். எபாக்சி தோலில் தொடர்ந்து படுவதால் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நீங்காத ஒவ்வாமை உண்டாகிவிடுகிறது. எனவே கையுறையும் முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் யாரும் நான் செய்தது போல் செய்யக் கூடாது. மூன்றாவது படகில், மேல்தளத்தை ஏற்றுவதற்கு முன்பே தடுப்புகளின் தலையில் மெல்லிய மரப்பட்டை ஒன்றை ஒட்டி அகலப்படுத்தி, மூலைகளைச் சாந்தால் நிரப்பி, தளத்தை இறக்கும் வேளையில் அந்தப் பட்டையின்மேல் கெட்டியான எபாக்சியை வரப்பு போல் இட்டு அழுத்தினேன். தளம் அமர்ந்ததும் சாந்து இருபுறமும் பிதுங்கி வந்தது. ஒரு விரலால் வழித்துவிட்டதோடு வேலை முடிந்தது.

சிலிக்கானைப் பற்றிக் கட்டுரை கூறியது எனக்கு உண்மையாகவே கவலை அளித்தது. அது மரத்தில் நெடுநாள் பிடித்து நிற்காது என்பது ஒருபுறம் இருக்க, அது பட்ட இடத்தில் பிற்பாடு எபாக்சியோ வண்ணமோ வார்னிஷோ ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்தாலும் அதன் பிசுக்கு முழுவதும் போவதில்லை. இன்று ஐந்து நிமிடத்தில் அடைத்த ஓரம், நாளை பழுது பார்க்க முடியாத ஓரமாகிவிடும். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்த கயாக்குகளின் கதை வேறு. அந்தப் பிளாஸ்டிக்கில் எபாக்சி ஒட்டாது என்பதால், தடித்த நுரைப் பலகையைச் சற்றுப் பெரிதாக வெட்டி இறுக்கிச் செருகி, வளைந்து கொடுக்கும் பசையால் ஓரம் அடைக்கிறார்கள், அவ்வப்போது புதுப்பிக்கவும் செய்கிறார்கள். ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் மரச் சட்டகத்தின்மேல் தோலை இழுத்துக் கட்டிய மரபில், இன்று துணியைக் கொண்டு கட்டும் படகுகளில் ஒட்டுவதற்குச் சுவரே இல்லை. அவற்றில் முன்னும் பின்னும் காற்றுப் பைகளைத் திணித்துக்கொள்வதே முறை. கட்டுரை பேசியது ஒட்டுப்பலகைப் படகைப் பற்றி என்பதால், இந்த இரண்டையும் இத்துடன் விடுகிறேன்.

திறப்பே வேண்டாம் என்ற கருத்துக்கு இப்போது வருகிறேன். முதல் படகைக் கட்டியபோது எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. துளையே இல்லாத அறையில் தண்ணீர் எப்படிப் புகும்? முன்னும் பின்னும் இரண்டு அறைகளையும் நிரந்தரமாக மூடிவிட்டேன். அடுத்த பருவத்தில் படகைத் தூக்கும்போது பின்பக்கம் கனத்தது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே சளக் சளக் என்று ஓசை கேட்டது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று எதுவும் தெரியவில்லை, வெளியேற்றவும் வழியில்லை. கடைசியில் மேல்தளத்தில் ரம்பம் வைத்து வெட்டித்தான் பார்த்தேன். தடுப்பின் அடியில் ஒட்டுப்பலகையின் வெட்டுமுகம் கறுத்து, நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. மூடிய அறைக்குள் ஒருமுறை புகுந்த ஈரம் வெளியேறுவதே இல்லை. பகலில் ஆவியாகி இரவில் மேல்தளத்தின் அடியில் படிந்து மறுபடி கீழே வடியும் அந்த ஈரத்தில் மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. கை நுழைத்துத் தடவிப் பார்க்கவும், பஞ்சால் ஒற்றி எடுக்கவும், கரையேறியதும் திறந்து காயவைக்கவும் முடியாத அறையை நம்பக் கூடாது என்பதை அந்தப் படகின் பின்பாதியை இழந்து கற்றுக்கொண்டேன்.

முற்றிலும் மூடிய அறைக்கு இன்னொரு கேடும் உண்டு. என் படகில் நேர்ந்த கசிவுக்கு அதுவே மூலகாரணம் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. வெயிலில் கிடக்கும் படகின் உட்காற்று 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, விரிந்து, கிடைத்த இடுக்கு வழியே சிறிது வெளியேறிவிடுகிறது என்று கொள்வோம். அதே படகை 25 டிகிரியில் உள்ள தண்ணீரில் தள்ளினால், உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 கிராம் அளவுக்கு வெளியிலிருந்து அழுத்தும் விசை இது. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் ஒரு தடுப்பின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர சென்டிமீட்டர். ஆக, அதன்மேல் 80 கிலோ எடையுள்ள ஓர் ஆள் ஏறி நிற்பதற்குச் சமமான சுமை விழுகிறது, அதுவும் படகு தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும். எங்கேனும் ஓரத்தில் ஒரு நுண்ணிய பிளவு இருந்தால், அந்த வெற்றழுத்தமே தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். வண்டியின் மேல் கட்டிக்கொண்டு மலையேறினாலோ இதற்கு நேர்மாறான விளைவு உண்டாகும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், உள்ளிருக்கும் காற்று தளத்தையும் தடுப்பையும் வெளிநோக்கித் தள்ளும்.

இதற்கு மாற்று மிகச் சிறியது. தடுப்பின் மேற்பகுதியில், மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு மூச்சுத் துளை போட்டால் போதும். நீர்புகாத் தடுப்பில் வேண்டுமென்றே துளையிடுவதா என்று முதலில் எனக்கும் கை வரவில்லை. ஒரே ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போக வேண்டுமென்றால் அதே துளை வழியாகக் காற்று வெளியே வர வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க அங்கே இடம் இல்லாததால், கவிழ்ந்த நேரத்திலும் சில சொட்டுகளுக்கு மேல் போவதில்லை. ஒட்டுப்பலகையில் நேரடியாகத் துளையிட்டால் அதன் வெட்டுமுகம் ஈரத்தைக் குடிக்கும். எனவே முதலில் பென்சில் பருமனுக்குத் துளையிட்டு, அதை எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அந்த எபாக்சியின் நடுவில் நுண்துளை போட வேண்டும்.

திறப்பை வெட்டுவதில் தயக்கம் இருப்பது இயல்பு. பல வாரம் இழைத்து வார்னிஷ் பூசிய தளத்தில் ரம்பத்தை வைப்பதற்கு மனம் துணியாது. ஆனால் முறை தெரிந்தால் அது அஞ்ச வேண்டிய வேலை இல்லை. வெட்டி எடுத்த துண்டையே மூடியாக்குவதுதான் அழகானதும் சிக்கனமானதும் ஆகும். மரத்தின் ரேகைகள்கூடத் தொடர்ச்சியாக வரும். மூலைகள் கூராக இருக்கக் கூடாது, கூர்மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும் என்பதால் நீள்வட்டமாகவோ, மூலைகளை நன்றாக வளைத்தோ வெட்ட வேண்டும். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வளைத்து ஒட்டிய தளத்திலிருந்து துண்டை அறுத்து எடுத்த மறுகணம், அதுவரை பிடித்துவைக்கப்பட்ட வளைவு தளர்ந்து துண்டு நிமிர்ந்துவிடும். பிறகு அது தன் சொந்த ஓட்டையிலேயே பொருந்தாது. வெட்டுவதற்கு முன்பே தளத்தின் அடிப்புறத்தில் கண்ணாடியிழைத் துணி ஒட்டி வளைவை நிலைப்படுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெட்டும்போது ஜிக்சா என்னும் மின்ரம்பத்தில் மெல்லிய, நுண்பல் அலகைப் போட்டு, தொடக்கப் பிளவைக் கத்தியால் கீறி உண்டாக்கினால், இடைவெளி ஓர் அலகின் பருமனுக்கு மேல் போகாது.

மூடி அமர்வதற்குத் தளத்தின் அடியில் உள்நோக்கி 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளும் ஒரு வளையம் வேண்டும். மூடிக்கும் வளையத்துக்கும் நடுவே இடப்படும் ரப்பர் நுரைப் பட்டையில்தான் நீர்த்தடுப்பின் முழுப் பொறுப்பும் இருக்கிறது. அந்தப் பட்டையைக் கடையில் வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிழிந்து பார்க்க வேண்டும். கண்ணறைகள் திறந்த பஞ்சு வகை தண்ணீரைக் குடித்துத் திரும்பத் துப்பும். அது கதவிடுக்கில் காற்றை அடைக்குமே தவிர இதற்கு உதவாது. கண்ணறைகள் மூடிய நியோப்ரீன் வகையே ஏற்றது. பட்டை ஒரே துண்டாகச் சுற்றி வர வேண்டும், இணையும் இடத்தைச் சரிவாக வெட்டி ஒட்ட வேண்டும், ஆணியோ திருகோ எதுவானாலும் பட்டையின் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அதை அழுத்திப் பிடிக்க நீண்ட மூடிக்கு ஒரு வார் போதாது. ஒரே வாரை நடுவில் இறுக்கினால் மூடியின் இரு முனைகளும் மேலெழும்பும் என்பதால், குறைந்தது இரண்டு வார்களும், மூடியின் அடியில் அதை விறைப்பாக்கும் ஒரு குறுக்குச் சட்டமும் தேவை. மூடியை ஒரு கயிற்றால் உட்புறம் கட்டிவைப்பதை மறக்கக் கூடாது. அலையில் கழன்று போன மூடியைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். மரையால் திருகி மூடும் வட்டப் பிளாஸ்டிக் மூடிகளும் கிடைக்கின்றன. எளிதில் பொருத்தலாம், ஆனால் மரையில் நாலு மணல் சேர்ந்தால் திறக்க மறுக்கும், பெரும்பாலானவற்றில் முழங்கைக்கு மேல் நுழையவும் நுழையாது. திறப்பின் வழியே தடுப்பின் எல்லா மூலையையும் விரலால் தொட முடிய வேண்டும் என்பதே திறப்பின் அளவுக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு.

கட்டி முடித்ததும் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சரக்குக் கப்பல்களின் பெரிய மூடிகளைச் சோதிக்க மாலுமிகள் இன்றும் சுண்ணக்கட்டி பயன்படுத்துகிறார்கள். வளையத்தின் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மூடியை இறுக்கி, திறந்து பார்த்தால் ரப்பர் பட்டையில் வெள்ளைக் கோடு அறுபடாமல் பதிந்திருக்க வேண்டும். அறுபட்ட இடத்தில் தண்ணீர் புகும். தடுப்புக்கு, நாம் போட்ட மூச்சுத் துளையே உதவும். அதில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி வாயால் ஊதிக்கொண்டே, ஓரங்களில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி கிளம்பும் இடம் கண்ணுக்குத் தெரியும். கடைசியாக, அறைக்குள் தங்கள் நாளிதழின் பழைய தாள்களை விரித்து, மூடியை இறுக்கி, குழாய்நீரைப் பீய்ச்சி, படகை இருபுறமும் சாய்த்துப் புரட்டிவிட்டுத் திறந்து பார்த்தால் போதும். தாளில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அந்த இடம் கறுத்துத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். என் மூன்றாவது படகில் முதல் சோதனையிலேயே பின்னறைத் தாளின் இடது மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் தெரிந்தது. நெடுக்குச் சட்டத்தின் அதே பழைய மூலைதான். திறப்பு இருந்ததால் பத்து நிமிடத்தில் அடைத்தேன். இத்தனை செய்தும், நீண்ட பயணத்துக்கு இரு அறைகளிலும் ஒரு காற்றுப் பையை ஊதி வைத்துக்கொள்கிறேன், மாற்றுத்துணியை நீர்புகாப் பையில்தான் போடுகிறேன். மூடி எவ்வளவு நல்லதானாலும் அதை மூட மறப்பவன் மனிதன்தானே. படகைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மாதங்களில் மூடிகளைக் கழற்றியே வைக்கிறேன். ரப்பர் பட்டை நசுங்கிய நிலையிலேயே கிடந்து தன் துள்ளலை இழப்பதில்லை, உள்ளே காற்றும் ஓடுகிறது.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. 1974ஆம் ஆண்டு சீனத்தின் சுவான்சோ அருகே தோண்டி எடுக்கப்பட்ட சோங் அரசர் காலக் கப்பலில் 12 தடுப்புகளும் 13 அறைகளும் இருந்தன. இடுக்குகளை நாரும் சுண்ணாம்பும் துங் மர விதை எண்ணெயும் குழைத்து அடைத்து, நீர்புகாத் தடுப்பு அறைகளைக் கட்டும் அந்த மரபை யுனெஸ்கோ 2010இல் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கும் தச்சர்களின் நேரத்தை விழுங்கியது இடுக்குகளை அடைக்கும் வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன்.

அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி மேல்தளத்தை ஒட்டுவதையும் வார்னிஷ் பூசுவதையும் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். தளத்தை ஒட்டிவிட்ட பின் தடுப்பின் மேல் ஓரத்தை அடைப்பது எவ்வளவு துன்பமானது என்பதை மேலே விவரித்திருக்கிறேன். முதல் பகுதியைப் பார்த்து வேலையைத் தொடங்கியவர்கள் இப்போது அந்தக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். எனவே அடுத்த பகுதி வெளிவருவதற்கு முன்பாகவோ, அதன் தொடக்கத்திலேயோ, சிலிக்கான் வேண்டாம் என்பதையும், தளத்தை ஏற்றும் முன் மூலைகளையும் மூச்சுத் துளையையும் முடித்துவிட வேண்டும் என்பதையும், திறப்புக்கான இடத்தில் அடிப்புறக் கண்ணாடியிழையை இப்போதே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு சிறு திருத்தமாக வெளியிட்டால், தடுப்பின் குறுக்குவெட்டைக் காட்டும் கோட்டோவியம் ஒன்றையும் அத்துடன் சேர்த்தால், பேருதவியாக இருக்கும். ஓவியருக்குத் தேவைப்பட்டால் என் மூன்றாவது படகின் அட்டை வடிவங்களை, குச்சிகள் ஒட்டியபடியே, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்